தோற்றவனின் உட்குரல்கள்: ‘டிஸ்கோ எலிசியம்’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு புதிய கலைவடிவம் தோன்றும்போது அதனை அளக்கும் கோல்களும் கூடவே தோன்றிவிடுவதில்லை. திரைப்படம் தோன்றிய காலத்தில் அதனை நாடக மேடையின் அளவுகளைக் கொண்டே அளந்தனர். கணினி விளையாட்டைப் பொறுத்தவரையில் நிலைமை இன்னும் அவ்வாறே இருக்கின்றது. விளையாட்டு விமர்சனம் என்ற பெயரில் வெளிவருவனவற்றுட் பெரும்பாலானவை வாங்குவோருக்கு வழிகாட்டும் சந்தைக் குறிப்புகளே. எத்தனை மணித்தியாலம் ஆடலாம், படங்கள் எத்துணைத் தெளிவானவை, கொடுத்த பணத்துக்கு ஏற்ற சரக்கா என்பனவே அங்கு எழுப்பப்படும் வினாக்கள். மறுபுறத்தில், இவை யாவும் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் மனப்பாங்கு கல்வியுலகிலே பரவலாக உண்டு. நாவலையும் நாடகத்தையும் எத்துணைக் காத்திரத்துடன் அணுகுகின்றோமோ அத்துணைக் காத்திரத்துடன் ஒரு விளையாட்டினை அணுகி, அதன் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட படைப்பு, 2019 ஒக்டோபர் 15 ஆம் திகதி வெளியான ‘டிஸ்கோ எலிசியம்’ என்னும் பாத்திரமேற்கும் விளையாட்டு. கதையின் முடிவை மறைத்துக்கொண்டு அதனை ஆராய்தல் இயலாது. ஆடிப் பார்த்த பின்னரே படிக்க விரும்புவோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இதன் தோற்ற வரலாறு சுருக்கமாகவேனும் கூறப்படவேண்டியது. சோவியத் ஒன்றியத்தின் பகுதியாயிருந்து 1991 இல் மீண்டும் சுதந்திரம் பெற்ற சிறு நாடு எஸ்தோனியா. அங்கே எழுத்தாளரும் ஓவியரும் இசையாளருமான இளைஞர் சிலர் ‘ஸா/ஊம்’ என்ற பெயரிற் குழுவாக இயங்கிவந்தனர். அவர்களுள் ஒருவரான ரொபேட் கூர்விட்ஸ், நண்பர்களுடன் மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுக்களினூடாகக் கட்டியெழுப்பிய ஒரு கற்பனை உலகினைப் பகைப்புலமாகக் கொண்டு 2013 இல் எஸ்தோனிய மொழியில் ஒரு நாவல் வெளியிட்டார். நாவல் மிகச் சில வாசகரையே அடைந்தது. அதன் பின்னரே, அதே உலகினை ஒரு கணினி விளையாட்டாக ஆக்கும் எண்ணம் உருப்பெற்றது. ஓவிய நெறியாளராக அலெக்சாண்டர் ரொஸ்டொவும், எழுத்தாளருள் ஒருவராக ஹெலன் ஹிந்த்பேரேயும் பணியாற்றினர். பெரிய வெளியீட்டு நிறுவனமொன்றின் ஆணைக்கு உட்படாது தாமே வெளியிட்டமையால் இது ‘சுயாதீன விளையாட்டு’ என்னும் வகையுள் அடங்கும். 2019 டிசம்பரில் ‘கேம் அவோட்ஸ்’ விழாவில் நான்கு விருதுகளைப் பெற்றபோது, படைப்பாளர் மேடையிலேயே கார்ல் மார்க்சுக்கும் எங்கெல்சுக்கும் நன்றி கூறினர். எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கப்பட்டு, புதிய பகுதிகளும் சேர்க்கப்பட்ட ‘இறுதி வடிவம்’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. பின்வரும் கருத்துக்கள் அவ்வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

கதை நிகழும் நகரம் ரெவஷோல். அங்கே மன்னராட்சியைப் புரட்சி வீழ்த்தியது. புரட்சியிற் பிறந்த கொம்யூனைச் சில ஆண்டுகளுள் வெளிநாடுகளின் கூட்டணிப் படை நசுக்கியது. கதை தொடங்கும்போது அத்தோல்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நகரம் இன்னும் அந்நியக் கூட்டணியின் மேற்பார்வையில் இருக்கின்றது. அதன் துறைமுகப் பகுதியான மாட்டினேசிற் சுவர்களிலே துப்பாக்கிக் குண்டின் துளைகள் அப்படியே உள்ளன. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். விடுதியொன்றின் பின்புறத்து மரத்தில் ஒரு கூலிப்படையாளின் பிணம் ஏழு நாட்களாகத் தொங்குகின்றது. அதனை விசாரிக்க வந்த பொலிஸ் துப்பறிவாளனோ அவ்விடுதியிலே மூன்று நாட்கள் குடித்து, துப்பாக்கியையும் அடையாளச் சின்னத்தையும் தொலைத்து, தன் பெயர் உட்பட யாவற்றையும் மறந்த நிலையிற் கண்விழிக்கின்றான். அவன்தான் நாம் ஏற்கவேண்டிய பாத்திரம். வேறொரு பொலிஸ் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட கிம் கிற்சுராகி என்பவர் அவனுக்குத் துணையாக வருகின்றார்.

நினைவிழந்த நாயகன் என்பது புதிய உத்தியன்று. 1999 இல் வெளியான ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ற்’ என்னும் விளையாட்டு அதனை முன்னரே கையாண்டுள்ளது, உரையாடலை மிகுதியாகச் சார்ந்திருத்தலும் அதிலிருந்து வந்ததே. புதுமை வேறிடத்தில் உள்ளது. பாத்திரமேற்கும் விளையாட்டுக்களில் வழமையாக நாயகனின் ஆற்றல்கள் எண்களாகத் தரப்படும்: பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, வாள்வீச்சு இவ்வளவு. அவ்வெண்கள் வாய் பேசுவதில்லை. இங்கே அறிவு, உளம், உடல், இயக்கம் என்னும் நான்கு பிரிவுகளில், பிரிவுக்கு ஆறாக, இருபத்துநான்கு ஆற்றல்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு குணம். ஒருவரோடு உரையாடிக்கொண்டிருக்கும்போதே ‘பரிவு’ குறுக்கிட்டு, இவர் எதையோ எண்ணித் துயருறுகின்றார் எனக் காதிற் சொல்லும். ‘அதிகாரம்’ மிரட்டச் சொல்லும். ‘நாடகம்’ நம்மை அரசரென விளித்து, எதிரிலிருப்பவன் பொய்யன் எனப் பணிவுடன் அறிவிக்கும். ‘கலைக்களஞ்சியம்’ யாரும் கேளாத தகவல்களை அள்ளிவீசும். ‘சிலிர்ப்பு’ என ஒன்றுண்டு. அது காற்றினூடே நகரத்தின் குரலையே கொண்டுவரும்.

நமது அகத்திணை மரபிலே ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்பது பழக்கமான கூற்று முறை. தலைவியோ தலைவனோ தன் நெஞ்சை விளித்துப் பேசுவர். நெஞ்சு மறுமொழி கூறுவதில்லை. அது மறுமொழி கூறத் தொடங்கினால், அதுவும் இருபத்துநான்காகப் பிரிந்து ஒன்றையொன்று மறுத்துக் கூறத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதை இவ்விளையாட்டிற் காணலாம். இது வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை என்பது முக்கியமானது. ஓர் ஆற்றலை நாம் வளர்க்க வளர்க்க அதன் குரல் அடிக்கடி ஒலிக்கின்றது. அளவுக்கு மீறி வளர்த்தாலோ அது நாயகனையே ஆட்டிவைக்கின்றது. ‘அதிகாரம்’ மிகுந்தவன் தேவையற்ற இடத்திலும் மரியாதையைக் கேட்டு நிற்பான். ஒரு மனிதனின் பலமே அவனது பலவீனமாவதை நாவலாசிரியன் விவரித்துக் காட்டுவான்; இங்கு அது ஆடுபவரின் சொந்தத் தெரிவின் விளைவாக நிகழ்கின்றது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நிர்ணயிப்பன என நாம் விரிவுரைகளில் அடிக்கடி கேட்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் அண்மைக்காலக் கலைகளுள் அரிது.

இவ்வுத்தியின் உச்சம் கிளாஸ்யே என்னும் பெண்ணை விசாரிக்கும் கட்டமாகும். இறந்தவனோடு நெருங்கிய உறவிலிருந்தவள் அவள். அவளோடு பேசும்போது நாயகனின் ஆற்றல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவளை நம்பும்படி கூறுகின்றன. அதுவரை தனியாக நின்ற ‘மனத்திட்பம்’ என்னும் குரல் அப்போது எழுந்து, மற்றக் குரல்கள் யாவும் அவள் வசப்பட்டுவிட்டன, அவற்றை நம்பவேண்டாம் என எச்சரிக்கின்றது. பலமணி நேரம் நாம் தகவல் பெற்றுவந்த வாயில்களே பொய்த்துவிட்டன என அறியும் அக்கணத்தில் ஏற்படும் திகைப்பு எளிதில் மறக்கக்கூடியதன்று. நம்பத்தகாத கதைசொல்லி என்ற உத்தியை நாவலிற் பலமுறை கண்டிருக்கின்றோம். ஆனால் அங்கே ஏமாறுபவர் வாசகர் மாத்திரமே. இங்கு ஏமாறி ஒரு முடிவை எடுத்தவரும் நாமே.

அடுத்துக் குறிப்பிடவேண்டியது தோல்வியை இப்படைப்பு கையாளும் முறை. கடினமான செயல் ஒவ்வொன்றுக்கும் இரு பகடைகள் உருட்டப்படுகின்றன. இரண்டும் ஆறாக விழுந்தால் எத்துணைக் கடினமாயினும் வெற்றி. இரண்டும் ஒன்றாக விழுந்தால் எத்துணை எளிதாயினும் தோல்வி. ஏனைய விளையாட்டுக்களில் தோல்வி என்பது கதவு மூடப்படுதல். இங்கு பெரும்பாலும் அது வேறொரு கதவு. விடுதிக் கடனைச் செலுத்தாது தப்பியோட முயலும் நாயகன், தோற்றால், ஓடிக்கொண்டே திரும்பி எகிறிக் குதித்து, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவளான லீனாவின் மேல் விழுகின்றான். வெற்றி பெற்றவர் காணாத காட்சி அது. சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே எழும் காட்சி. தோற்றுத் தோற்று நடக்கும் ஒருவனின் கதையைத் தோல்விகளின் வழியே சொல்லும் இந்த அமைப்பு, தோற்றுப்போன புரட்சியின் நகரத்துக்கு மிகவும் பொருந்துகின்றது. நகரமும் மனிதனும் ஒரே நோயில் விழுந்தவர்கள். இருவரும் எழுந்து நடக்கவேண்டியவர்கள்.

போர் முறை என ஒன்று இவ்விளையாட்டிலே தனியாக இல்லை. கொல்லுதலே தொழிலாகக் கொண்ட ஒரு கலைத்துறையில் இது துணிவான செயல். மரணம் உண்டு; ஆனால் ஒவ்வொரு மரணத்துக்கும் கனம் உண்டு. கடலோரப் பலகைப்பாதையிற் குடிபோதையில் விழுந்து இறந்துகிடக்கும் ஒரு தொழிலாளியை நாயகனும் கிம்மும் காண்கின்றனர். முதன்மை வழக்கோடு இதற்குத் தொடர்பேதுமில்லை. அவனுடைய மனைவியைத் தேடிச் சென்று செய்தியைச் சொல்லவேண்டும். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பன நமது தெரிவுக்கு விடப்படுகின்றன. பரிசில்லை, வெற்றியில்லை. சொல்லத் தகுந்த சொற்களைத் தேடித் திரையின் முன் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில், இவ்வடிவத்துக்கு என்ன இயலும் என்பது புலனாகின்றது. கிம்மின் பாத்திரவார்ப்பும் இவ்வகைப்பட்டதே. அவர் அதிகம் பேசுவதில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். நாம் இழிவாக நடந்துகொள்ளும்போது அவர் முகத்தில் ஏற்படும் சிறு மாற்றம், எந்தப் புள்ளிக் கணக்கைவிடவும் நம்மைத் திருத்துகின்றது.

இத்துணைச் சிறப்புக்களைக் கூறிய பின்னர் குறைகளுக்கு வருவோம். சிறிய குறைகளை விரைவிற் கடந்துவிடலாம். உடல்வலிமை குறைந்த நாயகன் கூரை விசிறியில் மாட்டியிருக்கும் தன் கழுத்துப்பட்டியை எட்டியெடுக்க முயன்று, கதை தொடங்கும் முன்பே மாரடைப்பால் இறந்துபோகலாம். நகைச்சுவை என்ற அளவில் இதனை ஏற்கலாம். எனினும் அது ஆடுபவருக்குப் போதிக்கும் பாடம், அடிக்கடி விளையாட்டைச் சேமித்துவைத்துத் தோற்றால் மீளத் தொடங்கு என்பதே. தோல்வியை ஏற்றுக்கொள் என்னும் படைப்பின் சாரத்துக்கு அதன் சொந்தக் கருவியே முரணாக நிற்கின்றது. வெற்றிக்கான வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என முன்கூட்டியே காட்டப்படுவதும் இம்முரணைக் கூட்டுகின்றது. பத்து இலட்சம் சொற்களுக்கு மேற்பட்ட பனுவல் எனச் சொல்லப்படும் இதில், ஒரே உவமையை மூன்று குரல்கள் மாறிமாறி நீட்டும் இடங்கள் சலிப்பூட்டுவன என்பதையும் சொல்லியாகவேண்டும். எழுத்தாளருக்குத் தம் சொல்லாட்சியில் இருந்த மயக்கம் சில பக்கங்களிற் கட்டுமீறிவிட்டது.

பெரிய வினா இதன் அரசியல் பற்றியது. ஆடுபவர் உரையாடலில் எடுக்கும் நிலைப்பாடுகளைக் கொண்டு நான்கு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன: பொதுவுடைமை, பாசிசம், ‘ஒழுக்கவாதம்’ எனப்படும் நடுநிலை, கட்டற்ற முதலாளியம். கருத்துக்களை ‘சிந்தனைப் பெட்டகம்’ என்னும் அமைப்பில் இட்டுவைத்தால் அவை சில மணிநேரத்தில் முற்றி, நாயகனுக்கு நன்மையும் தீமையும் தருகின்றன. பொதுவுடைமைச் சிந்தனை முற்றியவன் அதற்கேற்ற வசனம் பேசுந்தோறும் அனுபவப் புள்ளிகளைப் பெறுகின்றான். முதலாளியச் சிந்தனை முற்றியவன் பேசுந்தோறும் காசு பெறுகின்றான். கொள்கையைப் பேசுதல் ஒரு வருமானமாகிவிட்டது என்னும் கிண்டல் கூர்மையானது. பல்கலைக்கழக வாழ்வை அறிந்தோர் எவரும் அதனைக் கேட்டு நெளியாமலிருக்க முடியாது. ஆனால் கிண்டலுக்கு ஓர் இயல்புண்டு. அது எல்லோர்மீதும் சமமாக விழும்போது எவர்மீதும் விழாததாகிவிடும். பாசிசத்தையும் பொதுவுடைமையையும் ஒரே பெட்டகத்தின் இரு அறைகளில் வைத்து, இரண்டையும் உடைந்த மனிதனின் இருவகை ஆறுதல்களாகக் காட்டும்போது, அரசியல் என்பது சமூக உறவு என்ற நிலையிலிருந்து இறங்கி மனநிலை என்றாகிவிடுகின்றது.

இதனைக் கொண்டு இது சோஷலிசத்துக்கு எதிரான படைப்பு எனச் சிலர் கூறுவர். அம்முடிவு அவசரமானது. ‘இறுதி வடிவ’த்திற் சேர்க்கப்பட்ட பொதுவுடைமைப் பகுதியை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அங்கே இரு மாணவர் ஒரு வாசகர் வட்டம் நடத்துகின்றனர். வட்டத்தில் எஞ்சியிருப்போரே அவ்விருவர்தாம். ஒருவர் கோட்பாட்டை விளக்குவார், மற்றவர் தலையசைப்பார். மற்றெல்லாரும் போதிய தூய்மையற்றோர் என்பது அவர்கள் கருத்து. இவ்வளவும் சிரிப்புக்குரியவை. பின்னர் மூவரும் சேர்ந்து தீப்பெட்டிகளைக் கொண்டு ஒரு கோபுரம் எழுப்புகின்றனர். கட்டப்படாமலே போன கட்டடமொன்றின் மாதிரி அது. இயற்பியல் விதிப்படி அது நிற்க முடியாதது. ஆனால் ஒருகணம் நிற்கின்றது. பின்னர் சரிகின்றது. எள்ளலால் மாத்திரம் எழுதப்பட்ட பனுவலில் இக்காட்சி இடம்பெற்றிருக்க முடியாது. படைப்பாளரின் பரிவு எப்பக்கம் நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. நடுநிலை பேசும் ‘ஒழுக்கவாத’த்தின்மேல் அவர்கள் காட்டும் குளிர்ந்த வெறுப்போடு ஒப்பிட்டாலே இது தெளிவாகும்.

எனவே குறை படைப்பாளரின் நோக்கத்தில் இல்லை. அவர்கள் தேர்ந்த உருவத்தில் இருக்கின்றது. யாவும் ஒருவனது தலைக்குள் ஒலிக்கும் குரல்களின் வழியாகவே வருகின்றன. தனிமனித அகத்தைக் காட்டுவதற்கு ஒப்பற்ற கருவியாகிய இது, கூட்டு வாழ்க்கையைக் காட்டவேண்டிய இடத்தில் தடுமாறுகின்றது. வேலைநிறுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். தொழிற்சங்கத்தின் தலைவர் எவ்ராட் கிளெயர் தந்திரமும் ஊழலும் நிறைந்தவர். சிரித்துக்கொண்டே நம்மை விலைக்கு வாங்குகின்றார். சங்கத்தின் காவலராகிய ஹார்டி சகோதரக் குழுவினர் விடுதியில் அமர்ந்து குடிக்கின்றனர். துறைமுக வாயிலைக் காப்பவன் ஓர் இனவாதி. கொம்பனியின் சார்பில் வந்த ஜொய்ஸ் மெசியேயோ கல்வியும் நயமும் நேர்மையான சோர்வும் உடையவர். இவ்வுலகின் வரலாற்றையும் புவியியலையும் நமக்கு விளக்குபவரும் அவரே. வெறும் பேச்சுவார்த்தையாளராகத் தோன்றும் அவர் உண்மையில் உடைமையாளருள் ஒருவர் என்பது பின்னர் தெரியவருகின்றது. திருப்பம் நன்று. ஆனால் அதற்குள் அவர்பால் நமக்கு ஏற்பட்டுவிட்ட மதிப்பை அது பெரிதும் மாற்றுவதில்லை. வேலைநிறுத்தம் செய்யும் சாதாரணத் தொழிலாளி ஒருவரின் கூலி எவ்வளவு, வீட்டில் அடுப்பெரிகின்றதா, சங்கத்தைப் பற்றி அவர் தனியே இருக்கும்போது என்ன எண்ணுகின்றார் என்பன விரிவாக எங்கும் வருவதில்லை. வேலைநிறுத்தத்தின் முடிவும் நமக்குத் தெரியாமலே கதை முடிகின்றது. மார்க்சுக்கு நன்றி கூறிய படைப்பிலே, உழைப்பு காட்சிக்கு வெளியே நிற்கின்றது.

பெண் பாத்திரங்கள் பற்றியும் இவ்வாறே கூறலாம். கிளாஸ்யே கூர்மையானவள், நாயகனைப் பிரிந்துசென்ற பெண் கனவில் ஒரு புனித உருவமாக வருகின்றாள். இருவரும் அவனது ஏக்கத்தின் வடிவங்களாகவே பெரிதும் நிற்கின்றனர். அவனது பார்வை நோயுற்றது என்பதைப் படைப்பு அறிந்தேயிருக்கின்றது. அறிந்திருத்தல் வேறு, அதற்கு அப்பால் ஒரு பார்வையைத் தருதல் வேறு.

இக்குறை யாவும் வந்து குவியும் இடம் கொலையாளி யார் என்ற வினா. பிணத்தைப் பரிசோதிக்கும்போது அவன் தூக்கிலிடப்பட்டு இறக்கவில்லை, வாய்வழியே பாய்ந்த துப்பாக்கிக் குண்டினால் இறந்தவன் என்பது தெரிகின்றது. நாங்களே கூட்டாகத் தூக்கிலிட்டோம் என ஹார்டி குழுவினர் பொறுப்பேற்றிருந்தது பொய். யாரையோ காக்கக் கூறிய பொய். ஒரு சமூகம் முழுதும் சேர்ந்து ஒரு குற்றத்தைச் சுமக்கும் இந்நிலை எத்துணை வளமான கரு! பழிவாங்க வரும் கூலிப்படையினரோடு ஏற்படும் மோதலும், அதனை முற்றாகத் தடுக்க முடியாமற்போவதும், நாம் அறிந்த முகங்கள் விழுவதும் இக்கருவின் நியாயமான விளைவுகள். இப்பகுதி எந்த நல்ல துன்பியல் நாடகத்தோடும் வைத்து எண்ணத்தக்கது. ஆனால் அதன் பின்னர் நாயகன் படகேறி, கடலிலுள்ள சிதைந்த கோட்டைத் தீவுக்குச் சென்று, அதுவரை நாம் ஒருமுறையேனும் சந்தித்திராத ஒரு கிழவனைக் காண்கின்றான். கொம்யூனின் படையில் அரசியல் அதிகாரியாக இருந்து, தோல்விக்குப் பின் தசாப்தங்களாக ஒளிந்து வாழ்பவன் அவன். கூலிப்படையின்மேல் இருந்த பகையாலும் கிளாஸ்யேயின்மேல் இருந்த பொருந்தா வேட்கையாலும் தூரத்திலிருந்து சுட்டவன் அவனே.

துப்பறியும் கதைக்கு எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு: குற்றவாளி நாம் கண்ட முகங்களுள் ஒருவராக இருக்கவேண்டும். அவ்வொப்பந்தத்தை மீறியதற்காக மாத்திரம் நான் குறை கூறவில்லை. மீறலுக்கு ஒரு விளக்கம் கூறப்படுவதையும் அறிவேன். கொலையாளி இறந்தகாலமே, தோற்ற புரட்சியின் பேயே நிகழ்காலத்தின்மேற் சுட்டது, நினைவிழந்த நாயகன் ஒன்றையும் மறக்காத ஒருவனை இறுதியிற் சந்திக்கின்றான் என்பர். அழகான விளக்கம். அக்காட்சியின் வசனங்களும் வலிமை மிக்கவை. ஆயினும் அவ்விளக்கம் மேலோங்கும்போது மாட்டினேஸ் விடுவிக்கப்பட்டுவிடுகின்றது. சங்கம், கொம்பனி, கூலிப்படை, பொலிஸ் ஆகியவற்றின் உறவுகளிலே தேடப்பட்ட காரணம், ஒரு தனியனின் கசப்பிலும் காமத்திலும் கண்டெடுக்கப்படுகின்றது. கொம்யூனின் கடைசி உறுப்பினனாக நமக்குக் காட்டப்படுபவன், மனிதரையே வெறுக்கும் ஒரு முதியவன். அதே தீவில் நாணற்புதரிலிருந்து எவரும் கண்டிராத ஒரு பெரும் பூச்சி வெளிப்பட்டு, நாயகனோடு மனத்தாற் பேசுகின்றது. அற்புதம்தான், ஆடியோர் பலர் கண்கலங்கினர் என்பதையும் ஏற்கின்றேன். ஆனால் வரலாறு விடைகூற முடியாத இடத்தில் இயற்கையின் அதிசயம் விடையாக நிறுத்தப்படுகின்றது. அந்தப் பூச்சியின் அருகாமையே கிழவனின் சித்தத்தைப் பாதித்திருக்கலாம் என்ற குறிப்பு வேறு. அதனோடு அரசியல் முழுதும் நோயாகிவிடுகின்றது.

இவ்வாறு கூறுவதால் இப்படைப்பின் தகுதி குறைந்துவிடுவதில்லை. எண்ணற்ற விளையாட்டுக்களில் இத்தகைய குறைகளைக் காணவே இயலாது. குறைகாணுமளவுக்கு அவை எதனையும் முயன்றதில்லை. வரலாறு, வர்க்கம், தோல்வி, குற்றவுணர்வு ஆகியவற்றை ஆடுபவரின் கையிலே கொடுத்து, நீ என்ன செய்வாய் எனக் கேட்ட முதல் வரிசைப் படைப்பாகவே ‘டிஸ்கோ எலிசியம்’ நிற்கின்றது. எனினும் ‘என்ன செய்வாய்’ என்பதற்கு அது அனுமதிக்கும் விடைகள், நாயகன் எத்தகைய மனிதன் ஆவான் என்பதை மாற்றுவனவே அன்றி மாட்டினேஸ் எவ்வாறு வாழும் என்பதைப் பெரிதும் மாற்றுவன அல்ல. வீதியில் வாழும் முரட்டுச் சிறுவன் கூனோவின் கதை இதற்குப் புறநடையாகும். மோதலிற் கிம் காயமுற்று விலக நேர்ந்தால் அச்சிறுவனே இறுதிப் பயணத்தில் நாயகனுக்குத் துணையாக வருகின்றான். பிணத்தின்மேற் கல்லெறிந்துகொண்டிருந்தவனுக்கு வேறொரு வாழ்வு இயலும் என்ற வாய்ப்பு அங்கே திறக்கின்றது. இத்தகைய திறப்புக்கள் இன்னும் நான்கைந்து இருந்திருப்பின் மேலே கூறிய குறைகளுட் பலவற்றை எழுதவேண்டி வந்திராது.

படைப்புக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் இங்கு குறிப்பிடாதிருக்க முடியவில்லை. கதையினுள்ளே, கைவிடப்பட்ட வணிகக் கட்டடமொன்றில், மிதமிஞ்சிய கனவுகளோடு ஒரு பாத்திரமேற்கும் விளையாட்டை உருவாக்க முயன்று நொடித்துப்போன ஒரு குழுவின் அலுவலகம் வருகின்றது. படைப்பாளர் தம்மையே எள்ளி எழுதிய பகுதி அது. அக்குழுவின் பெயர்கூட அவர்களது நிறுவனம் முன்னர் கொண்டிருந்த பெயரை ஒட்டியது. உண்மையில் நேர்ந்தது அந்த எள்ளலைவிடக் கொடியது. விளையாட்டு நொடிக்கவில்லை, பெருவெற்றி பெற்றது. கூர்விட்ஸ், ரொஸ்டொவ், ஹிந்த்பேரே ஆகியோர் 2021 இறுதியளவில் நிறுவனத்தைவிட்டு நீங்கியமையும், அது அவர்களின் விருப்பத்தோடு நிகழ்ந்ததன்று என்பதும் 2022 ஒக்டோபரில் வெளியே தெரியவந்தன. பங்குகள் கைமாறிய முறைபற்றி அவர்களும், அவர்களது நடத்தைபற்றி நிறுவனமும் குற்றஞ்சாட்டினர், வழக்குகள் எழுந்தன. ரெவஷோல் என்னும் நகரை இளமை முதற் கற்பனை செய்துவந்தவர்கள் வெளியே நிற்க, அதன் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. 2024 இல் அந்நிறுவனம் ஊழியரில் ஏறத்தாழ நான்கிலொரு பகுதியினரைக் குறைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், இப்படைப்பின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட புதிய நிறுவனங்கள் மூன்று ஏறத்தாழ ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, தொழிலாளரே உடைமையில் பங்குகொள்ளும் அமைப்பாகத் தான் இயங்கும் எனக் கூறியது. காட்சிக்கு வெளியே நின்ற உழைப்பு, உடைமை என்னும் வினாக்களை விளையாட்டு எழுதாமல் விட்ட இடத்திலிருந்து அதனை உருவாக்கியோரின் வாழ்க்கை எழுதிக்கொண்டிருக்கின்றது.